பிளஸ் டூ: எதோடு கூட்டினா இந்த 'டூ' வருது? மார்க் ஷீட் முதல் வேலை விண்ணப்பம் வரை... முழு விளக்கம்!

கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா 1970-களில் பி.யு.சி. படித்தவர். அப்பா 1998-ல் பிளஸ் டூ எழுதியவர். மகள் இப்போது டுவெல்த். காரைக்காலில் இருக்கும் அத்தை பையன் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு. நாலு பேரும் படித்தது கிட்டத்தட்ட ஒரே உயரத்து வகுப்புதான். ஆனால் நாலு பேர் சர்டிபிகேட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று பெயர் இருக்கும். அதில் எதிலுமே 'பிளஸ் டூ' என்பது பெரிய எழுத்தில் முதன்மைப் பெயராக இருக்காது.

பேச்சில் எல்லாருக்கும் தெரிந்த சொல், பேப்பரில் வேறு பெயர். இந்த இடைவெளியில்தான் சிக்கலே வருகிறது. ஆன்லைன் விண்ணப்பத்தில் எந்தப் பெயரைத் தேர்வு செய்வது, பழைய சர்டிபிகேட் செல்லுமா, உதவித்தொகை கிடைக்குமா, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கின டிகிரி அரசு வேலைக்கு ஆகுமா... இதெல்லாமே அந்த 'பிளஸ்' என்ற சின்னக் குறியில் போய் நிற்கிறது.

'பிளஸ்' எங்கிருந்து வந்தது?

இது வகுப்பின் பெயரே இல்லை. ஒரு கூட்டல் கணக்கின் நடுப்பகுதி. முழுக் கணக்கு 10+2+3. பத்து வருடம் பள்ளி, இரண்டு வருடம் மேல்நிலை, மூன்று வருடம் பட்டப்படிப்பு. டி.எஸ்.கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1964 முதல் 1966 வரை ஆய்வு செய்து, நாடு முழுக்க ஒரே மாதிரி அமைப்பு வேண்டும் என்று சொன்னது. 1968-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை அதை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வர இன்னும் பத்து வருடம் ஆனது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த 1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. அந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 1980-ல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வை எழுதினார்கள்.

அதற்கு முன்னால் இருந்த கணக்கு வேறு. பள்ளியில் பதினொரு வருடம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டும். பிறகு கல்லூரிக்குப் போய் ஒரு வருடம் பி.யு.சி. அதன் பிறகு மூன்று வருடம் டிகிரி. அதாவது 11+1+3. அதற்கும் முன்னால், 1950-களின் நடுப்பகுதி வரைக்கும், பி.யு.சி.க்குப் பதில் இரண்டு வருட இன்டர்மீடியட், இரண்டு வருட பி.ஏ. அது 11+2+2.

கூட்டிப் பாருங்கள். மூன்றுக்குமே விடை 15 தான். 1978-ல் யாரும் கூடுதலாகப் படிக்க வேண்டி வரவில்லை. கல்லூரியில் இருந்த ஒரு வருடம் பள்ளிக்கு இடம் மாறியது. அவ்வளவுதான் மாற்றம்.

அவ்வளவுதான் என்று எழுதிவிடலாம். டெல்டா கிராமங்களில் அது பெரிய விஷயமாக இருந்தது. பி.யு.சி. என்றால் கும்பகோணம், தஞ்சாவூர், பூண்டி, மன்னார்குடி என்று கல்லூரி இருக்கும் ஊருக்குப் போயாக வேண்டும். பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குக் கல்லூரியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடம். பஸ், ஹாஸ்டல், புது மொழி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். அந்த ஒரு வருடத்தைத் தாண்ட முடியாமல் ஊர் திரும்பியவர்கள் அந்தத் தலைமுறையில் நிறைய. 'பி.யு.சி. ஃபெயில்' என்ற சொல் தாத்தாக்கள் பேச்சில் இன்னமும் உலாவுவது அதனால்தான். பன்னிரண்டாவது வருடம் பள்ளிக்கே வந்ததும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, 'பக்கத்து ஊர் ஹயர் செகண்டரி வரைக்கும்' என்று வீட்டில் அனுமதி வாங்குவது சுலபமானது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் பின்னாளில் அந்தத் தூரத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தது.

மேல்நிலையா, மேனிலையா?

சான்றிதழில் இருக்கும் பெயர் 'மேல்நிலை'. பிளஸ் ஒன்னுக்கு 'மேல்நிலை முதலாம் ஆண்டு', பிளஸ் டூவுக்கு 'மேல்நிலை இரண்டாம் ஆண்டு'. ஆங்கிலச் சுருக்கம் ஹெச்.எஸ்.சி. சில பழைய பள்ளிகளின் பெயர்ப் பலகையில் 'மேனிலைப் பள்ளி' என்று இருக்கும். எழுத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். மேல்+நிலை புணர்ந்தால் இலக்கணப்படி மேனிலைதான், மேல்+நாடு மேனாடு ஆவது மாதிரி. இலக்கணம் சரியாக இருந்தாலும், புழக்கத்தில் ஜெயித்தது 'மேல்நிலை'.

பத்திரிகைகள் 'பிளஸ்-2', 'பிளஸ் 2', '+2' என்று மூன்று விதமாக எழுதும். வேலை விளம்பரத்தில் '+2 தேர்ச்சி'. சி.பி.எஸ்.இ. பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் 'டுவெல்த்' என்பார்கள். இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் 'டென்த், லெவன்த், டுவெல்த்' என்றுதான் பேசுகிறார்கள். பெற்றோர்தான் இன்னும் 'பிளஸ் டூ'வை விடவில்லை. அவர்கள் பரீட்சை எழுதிய பெயர் அது.

பேச்சில் ஒரு சொல், பல அர்த்தம்

- 'பிளஸ் டூ போயிட்டா' என்றால் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.
- 'பிளஸ் டூ எழுதியிருக்கா' என்றால் ரிசல்ட் வரவில்லை.
- 'பிளஸ் டூ முடிச்சிருக்கான்' என்றால் பாஸ்.
- 'பிளஸ் டூ வரைக்கும் படிச்சிருக்கான்' என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாஸ் செய்திருக்கலாம், இரண்டு பாடம் நின்றுபோயிருக்கலாம், பாதியில் விட்டிருக்கலாம். பெண் பார்க்கும் இடத்தில் இந்த 'வரைக்கும்' நிறைய வேலை செய்யும்.

விண்ணப்பத்தில் 'வரைக்கும்' செல்லாது. '+2 தேர்ச்சி' என்று கேட்டால் எல்லாப் பாடங்களிலும் பாஸ் ஆகியிருக்க வேண்டும். ஒரு பாடம் நின்றிருந்தாலும் அந்த நபரின் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான்.

இன்னொரு வழக்கும் உண்டு. 'இந்த வருஷம் எங்க வீட்ல பிளஸ் டூ இருக்கு' என்பார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், வகுப்பையே பிள்ளைக்குப் பெயராக வைத்துவிடுவார்கள். தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். எண்ணே ஆளுக்கு ஆகி வந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தின் பேரில் காதுகுத்து தள்ளிப்போகும், கேபிள் கனெக்‌ஷன் நிற்கும், விருந்தாளிகள் வராமல் இருப்பார்கள், அக்கா கல்யாணம்கூட 'பரீட்சை முடியட்டும்' என்று வைகாசிக்கு நகரும்.

அடுத்த கேள்வி எப்போதும், 'என்ன குரூப்?' ஃபர்ஸ்ட் குரூப், பயோ-மேத்ஸ், பியூர் சயின்ஸ், காமர்ஸ், வொக்கேஷனல் என்று பதில் வரும். டெல்டாவில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை எடுத்துப் படிக்கிறவர்களும் உண்டு. வயல்காரர் வீட்டுப் பிள்ளை விவசாயத்தைப் பள்ளியில் பாடமாகப் படிப்பதைச் சில பெற்றோர் ரசிப்பதில்லை. 'இதை நானே சொல்லித் தருவேனே' என்பார்கள்!

ராமானுஜன் 'பிளஸ் டூ ஃபெயிலா'?

ஒவ்வொரு மே மாதமும் ரிசல்ட் அன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. பாதி உண்மை.

அவர் காலத்தில் பிளஸ் டூ கிடையாது. கும்பகோணம் டவுன் ஹை ஸ்கூலில் படித்த ராமானுஜன் 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேர்வில் பாஸ் செய்தார். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு அது. இன்டர்மீடியட்டுக்கு முந்தின வடிவம். கணக்கைத் தவிர மற்றதில் கவனம் இல்லாததால் உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907-ல் எஃப்.ஏ. தேறவில்லை. படிப்பின் இடத்தை வைத்துப் பார்த்தால், ஆமாம், இன்றைய கணக்கில் அது பிளஸ் டூ தோல்விதான்.

செய்தியில் விட்டுப்போவது அடுத்த பகுதி. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அது விதிவிலக்காகச் செய்தது. இடைப்பட்ட வருடங்களில் வேலை தேடி அலைந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தார். விதிவிலக்கு வந்து சேரும் வரைக்கும் அந்த 'ஃபெயில்' அவரை என்ன பாடு படுத்தியது என்பதை வாட்ஸ்அப் செய்தி சொல்வதில்லை.

இன்றைக்கு ஃபெயில் ஆன பிள்ளைக்கு ராமானுஜன் கதையைவிட உதவியான தகவல் ஒன்று உண்டு: துணைத்தேர்வு. மே மாதம் ரிசல்ட் வந்ததும் விண்ணப்பித்து, ஜூன்-ஜூலையில் எழுதி, அதே ஆண்டே கல்லூரியில் சேர்ந்துவிடலாம். வருடம் வீணாகாது. விவரம் கேட்கவும், மனசு சரியில்லை என்றால் பேசவும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண் இருக்கிறது.

1200-ஆ, 600-ஆ?

அப்பா 'நான் ஆயிரத்து இருபது' என்றால் மகளுக்குப் புரியாது. 2018 வரைக்கும் பாடத்துக்கு 200 வீதம் ஆறு பாடம், மொத்தம் 1200. ஆயிரத்தைத் தாண்டினால் ஊரில் ஒரு மரியாதை. 2019 மார்ச் முதல் பாடத்துக்கு 100, மொத்தம் 600. மகளின் 510-ம் அப்பாவின் 1020-ம் ஒரே சதவீதம்தான். விண்ணப்பத்தில் சதவீதம் கேட்டால் அவரவர் மார்க் ஷீட்டில் இருக்கும் மொத்தத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.

பாஸ் மார்க் 35. ஆனால் மொத்தம் 35 வந்தால் மட்டும் போதாது. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70-க்கு. அதில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90-க்கு, அதில் 25. இந்த விதி தெரியாமல் 'பிராக்டிகல்ல ஃபுல் மார்க் வந்துடும், சமாளிச்சுடலாம்' என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

2019 மார்ச் அணி இரண்டு பக்கமும் அடி வாங்கியது. மொழிப்பாடத்தில் இரண்டு தாள் ஒன்றானது, மதிப்பெண் 600-க்கு மாறியது. டெல்டா பிள்ளைகளுக்கு அதோடு கஜா புயல். 2018 நவம்பர் 16-ம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. புத்தகம் நனைந்த பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அரையாண்டுக்குப் படித்தார்கள். அந்த ஆண்டு மார்க் ஷீட்டில் இது எதுவும் தெரியாது, 600-க்கு இவ்வளவு என்று மட்டும் இருக்கும்.

2021 அணிக்குப் பரீட்சையே இல்லை. கொரோனா இரண்டாம் அலையால் ஜூன் மாதம் தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம் (அதிக மார்க் வந்த மூன்று பாடங்களின் சராசரி), பதினொன்றிலிருந்து 20 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பு செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் எடுத்து மார்க் போட்டார்கள். 'ஆல் பாஸ் பேட்ச்' என்ற கிண்டல் இன்னமும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் மற்ற ஆண்டுச் சான்றிதழ் மாதிரியே முழுமையாகச் செல்லும். இன்டர்வியூவில் யாராவது முகத்தைச் சுளித்தால் அது அவர்கள் பிரச்னை.

பிளஸ் ஒன்னுக்கும் மார்க் ஷீட் உண்டா?

சிலருக்கு உண்டு, சிலருக்குக் கிடையாது. 2018 மார்ச்சில்தான் பதினொன்றாம் வகுப்புக்கு முதல் முறையாகப் பொதுத்தேர்வு வந்தது. 2025 வரைக்கும் அந்த முறை இருந்தது. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்களிடம் இரண்டு தனித்தனி மார்க் ஷீட் இருக்கும். அதற்கு முந்தினவர்களிடமும் பிந்தினவர்களிடமும் ஒன்றுதான். அண்ணனிடம் இரண்டு இருக்கிறது, தம்பியிடம் ஒன்றுதான் இருக்கிறது என்று பதற வேண்டாம்.

பிளஸ் டூ மார்க் எந்தக் கதவைத் திறக்கும்?

இங்கேதான் சொல்லின் மதிப்பு ரொம்பவே மாறிப்போயிருக்கிறது. தமிழ்நாட்டில் பொது நுழைவுத் தேர்வை ரத்து செய்து 2006-ல் சட்டம் வந்தது. அதன்படி 2007-08 முதல் மருத்துவம், இன்ஜினீயரிங் இரண்டுக்கும் பிளஸ் டூ மார்க்கே போதும் என்று ஆனது. 'பிளஸ் டூ மார்க்தான் தலையெழுத்து' என்ற பேச்சு உச்சத்தில் இருந்தது அந்தப் பத்து வருடத்தில்தான். 2017-ல் நீட் வந்ததும் மருத்துவக் கதவு தனியாகப் போனது.

டெல்டாவுக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிவந்தால் நிலைமை புரிந்துவிடும். தஞ்சாவூர் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் கல்லூரி, கும்பகோணம் அரசுக் கல்லூரி எல்லாவற்றிலும் பி.ஏ., பி.எஸ்சி. சேர பிளஸ் டூ மார்க்தான். ஒரத்தநாடு போகும் வழியில், ஈச்சங்கோட்டையில், எம்.எஸ்.சுவாமிநாதன் பெயரில் இருக்கும் வேளாண் கல்லூரியிலும் பிளஸ் டூ மார்க்தான். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று சேர்த்து 200-க்கு கட் ஆஃப்.

ஆனால் திருவாரூர் நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பு சேர 2022 முதல் கியூட் எழுத வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு நீட். தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையமாக இருந்து வளர்ந்த நிஃப்டெம் நிறுவனத்தில் பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் படிக்க ஜே.இ.இ. வேண்டும். நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை, தன் ஊரிலேயே நெல்லில் ஆரம்பித்த நிறுவனத்துக்குள் போக, அகில இந்திய அளவில் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று இடங்களிலும் பிளஸ் டூ என்பது உள்ளே போவதற்கான டிக்கெட் இல்லை, வரிசையில் நிற்பதற்கான அனுமதிதான். உதாரணமாக நீட் எழுதினாலும், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும்.

எங்கே படித்தோம் என்பதும் கணக்கில் வரும்

பிளஸ் டூ பாஸ் ஆனால் மட்டும் போதாது, எந்தப் பள்ளியில் படித்தோம் என்று கேட்கும் திட்டங்கள் இப்போது அதிகம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் இரண்டும் உயர்கல்வி படிக்கிறவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில், படித்திருக்க வேண்டும். மருத்துவத்தில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், அடுத்த ஆண்டு இன்ஜினீயரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு நீட்டிக்கப்பட்டதும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்ற நிபந்தனையோடுதான்.

'பத்து வரைக்கும் அரசுப் பள்ளி, கடைசி இரண்டு வருஷம் நல்ல பிரைவேட் ஸ்கூல்ல போடலாம்' என்று டெல்டாவில் பல வீடுகளில் யோசிப்பது உண்டு. நெல் விற்ற பணம் கையில் இருக்கும்போது அந்த யோசனை வரும். அந்த 'பிளஸ்' இரண்டு வருடத்துக்காகப் பள்ளியை மாற்றும் முன் இந்த உரிமைகள் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது. அதேபோல் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு டிகிரி மட்டும் தமிழில் படித்தால் போதாது. பிளஸ் டூ உட்படப் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும்.

பிளஸ் டூ இல்லாமல் டிகிரி வாங்கினால்?

அதிகம் பேர் அடிபடும் இடம் இது. பிளஸ் டூ முடிக்காமலே, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் அந்தப் பட்டத்தை ஏற்க முடியாது என்று 2009 ஆகஸ்டில் அரசாணை (எண் 107) வந்தது. பத்தாம் வகுப்பு, அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்று வரிசைப்படி படித்திருக்க வேண்டும். கூட்டல் கணக்கில் நடுவே இருக்கும் '2' விட்டுப்போனால், கடைசியில் இருக்கும் '3'-க்கும் மதிப்பு இல்லை.

தாத்தாவின் பி.யு.சி. இதில் மாட்டாது. அறிவிப்புகளில் '10+2+3 அல்லது 11+1+3' என்று இருப்பது அவர் தலைமுறைக்காகத்தான். ஆனால் பழைய பதினொரு வருட எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் இருந்தால், அது பிளஸ் டூ ஆகாது. 'அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இந்தக் காலத்து டிகிரிக்குச் சமம்' என்பது திண்ணையில் சொல்லலாம், விண்ணப்பத்தில் எழுத முடியாது.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பை முடித்து, மேல்நிலை மொழிப்பாடத் தேர்வுகளையும் எழுதி பாஸ் செய்தால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக் முடித்தவர்கள் இன்ஜினீயரிங்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

விண்ணப்பத்தில் எந்தப் பெயரைக் கிளிக் செய்வது?

மத்திய அரசு வேலை அறிவிப்பில் 'மெட்ரிகுலேஷன்' என்று இருந்தால் அது பத்தாம் வகுப்பு. நம்மூரில் 'மெட்ரிக்' என்பது ஒரு பள்ளி வகையின் பெயர் என்பதால், 'நான் மெட்ரிக் இல்லையே, கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே' என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. 'இன்டர்மீடியட்', 'சீனியர் செகண்டரி', 'ஹயர் செகண்டரி', ரயில்வே அறிவிப்பில் வரும் '12-வது (+2 நிலை)' எல்லாமே பிளஸ் டூதான். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் சி.ஹெச்.எஸ்.எல். தேர்வின் பெயரிலேயே ஹயர் செகண்டரி இருக்கிறது; தகுதி பிளஸ் டூ. தமிழ்நாட்டில் குரூப் 4-க்கும் இரண்டாம் நிலைக் காவலருக்கும் அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பிளஸ் டூவில் நின்றுபோனவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஆந்திரா, தெலங்கானாவில் இதற்குப் பெயர் 'இன்டர்'. கர்நாடகாவில் இன்னமும் பி.யு.சி.தான், ஆனால் இரண்டு வருடம். கேரளாவில் 2000 வாக்கில் பிரீ-டிகிரியை விட்டுவிட்டு நம்மைப் போலவே பிளஸ் டூ என்கிறார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இது 'உயர்தரம்' அல்லது 'ஏ.எல்.', அங்கே பதின்மூன்றாவது வருடம் வரைக்கும் பள்ளி. மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம்., அதற்கு மேல் படிப்பவர்களுக்கு ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம்.

காரைக்கால் டெல்டாவுக்குள்ளேயே இருந்தாலும் புதுச்சேரி அரசின் கீழ் வருகிறது. அங்கே அரசுப் பள்ளிகள் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தன. 2024-25-ல் பன்னிரண்டாம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டது. அதனால் நாகூரில் ஹெச்.எஸ்.சி. எழுதும் பிள்ளையும், சில கிலோமீட்டர் தள்ளி காரைக்காலில் எழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் வேறு வேறு கேள்வித்தாளைப் பார்க்கிறார்கள். வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: 'பிளஸ் டூ இருக்கு'.

டெல்டாவில் பிளஸ் டூவுக்கு ஒரு தனிக் காலண்டர்

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கு அதிகம் லீவு விழுவதும் அப்போதுதான். பொங்கலை ஒட்டி சம்பா அறுவடை. அப்பா டி.பி.சி. வாசலில் ஈரம் காயாத நெல்லைக் காத்துக்கொண்டு கிடக்கும் பிப்ரவரியில் பிள்ளைக்கு பிராக்டிகல். மார்ச்சில் பொதுத்தேர்வு. மே மாதம் ரிசல்ட். கல்லூரி ஃபீஸ் கட்டும் நேரமும், மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவைக்கு விதைநெல், உரம், உழவுக் கூலி என்று செலவு தொடங்கும் நேரமும் ஒன்று.

மேட்டூர் அணை திறக்க வேண்டிய தேதி ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2020-ல்தான் மறுபடியும் ஜூன் 12-ல் திறந்தார்கள். அந்த எட்டு ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த டெல்டா பிள்ளைகளின் வீட்டில் குறுவை வருமானம் நம்பிக்கைக்கு உரியதாக இல்லை. எந்தக் கோர்ஸ் என்பதை கட் ஆஃப் மட்டும் முடிவு செய்யவில்லை.

2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை 10+2 என்ற பிரிவையே எடுத்துவிட்டு 5+3+3+4 என்று புதுக் கணக்குப் போடுகிறது. அதில் பன்னிரண்டாம் வகுப்பு இருக்கும், 'பிளஸ் டூ' இருக்காது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, தனக்கென்று மாநிலக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. அதனால் இங்கே மேல்நிலை இரண்டாம் ஆண்டு அப்படியே தொடர்கிறது. 2025-26 முதல் பிளஸ் ஒன் சேர்கிறவர்களுக்கு பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒரே ஒரு பொதுத்தேர்வுதான், 600 மார்க்குக்கு ஒரே ஒரு மார்க் ஷீட்தான். அதில் பெயர், பிறந்த தேதி, அப்பா-அம்மா பெயர் எல்லாம் ஆதாரில் இருப்பது மாதிரியே இருக்கிறதா என்று பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாராகும்போதே சரிபார்த்துவிடுங்கள். பின்னால் திருத்துவதைவிட அது ரொம்பச் சுலபம்.